யார் சொன்னால் நம்புவார்கள்?

2021 டிசம்பர் 17 இரவு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் அருகே இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்களைப் பொருத்துகிறவர்கள் அவர்கள். பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து கம்பெனி ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கியிருந்தவர்கள். இரண்டு நாட்களுக்கு முன் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் என்ன ஆனார்கள் என்று உடன் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டால் சரியான பதிலும் வரவில்லை. அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் புகுந்தது. சிலர் இறந்துவிட்டார்கள், கம்பெனி மறைக்கிறது என்ற செய்தி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, சில மணி நேரத்தில் நெடுஞ்சாலையையே நிறுத்திவிட்டது.

யாரும் இறக்கவில்லை. அதிகாரிகள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கூட்டம் அசையவில்லை. மறுநாள் பகல் வரை போக்குவரத்து முடங்கியது. இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண்களையே மருத்துவமனையிலிருந்து வீடியோ அழைப்பில் பேசவைத்தபோதுதான் கூட்டத்தில் சிலர் காதுகொடுத்தார்கள். அறிக்கை எடுபடவில்லை, தோழியின் முகம் எடுபட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் புரளியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த ஒரு அழைப்பிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஏனென்றால் பொய்ச் செய்தியை எதிர்கொள்வது பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் ‘என்ன சொல்வது’ என்பதையே யோசிக்கிறோம். ‘யார் சொன்னால் நம்புவார்கள்’ என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘அது வெறும் வதந்தி’ என்று அந்தச் சம்பவத்தை மூடி வைத்திருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். மரணம்தான் பொய். மற்றதெல்லாம் மெய். ஒரே அறையில் 6 முதல் 30 பேர் வரை தங்கவைக்கப்பட்டதையும், சில விடுதிகளில் கழிவறைக்குத் தண்ணீர்கூட வராததையும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. டிசம்பர் 18 அன்று மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. புரளி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார். ஆனால் அந்தப் பெண்கள் புரளியை நம்பியதற்குக் காரணம் யூடியூப் மட்டுமல்ல. அழுகிய சாப்பாட்டைப் பற்றிச் சொன்னபோது யாரும் கேட்காத இடத்தில், ‘மறைக்கிறார்கள்’ என்ற சொல் உடனே பற்றிக்கொள்ளும்.

அந்தப் பெண்களாவது தமிழ் பேசுகிறவர்கள். நெடுஞ்சாலையில் உட்கார்ந்து உரக்கக் கேட்க முடிந்தது. அதே வட்டாரத்தின் சிப்காட் தொழிற்பேட்டைகளில் ஒடியா, போஜ்புரி, மைதிலி, வங்காளி, அசாமியம் பேசுகிறவர்களும் வேலை செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990-களின் இறுதியில் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகள், அந்தக் கம்பெனிகளுக்குக் கட்டடம் எழுப்பும் வேலைகள், கிடங்குகள், உணவுக்கூடங்கள் என்று வேலை பெருகியது. சுமார் பத்தாண்டுகளுக்கு முன் மாநிலத் தொழிலாளர் துறை எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தார்.

ஒரகடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் லைன் வீடுகளில் இவர்கள் தங்குகிறார்கள். சம்பளம் ஆலையிலிருந்து நேராக வருவதில்லை. காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒரு சப்-காண்ட்ராக்டர், ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த மேஸ்திரி என்று ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி வழியாகத்தான் சம்பளமும் வருகிறது, சேதியும் வருகிறது. ஆலையின் அறிவிப்புப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். உள்ளூர் செய்தித்தாள் தமிழில் இருக்கும். காவல் நிலையத்தில் பேசுவது தமிழ். ஆகவே தமிழ்நாட்டில் தனக்கு என்ன நடக்கிறது என்பதையே அந்தத் தொழிலாளி பிகாரிலிருந்து வரும் வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விசித்திரமான நிலை.

2023 மார்ச்சில் அதுதான் நடந்தது.

தொடக்கத்தில் ஒரு உண்மை இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் ஒரு ஆள் வடமாநிலத் தொழிலாளர்களைத் திட்டி அடிக்கும் வீடியோ பரவியது. அது நடந்த சம்பவம்தான். ரயில்வே போலீஸார் அவரைக் கைது செய்தார்கள். அந்த ஒரு வீடியோ, பின்னால் வந்த பத்துப் பொய்களுக்கு நுழைவுச்சீட்டானது. முற்றிலும் கற்பனையான புரளி அதிக தூரம் போவதில்லை. நுனியில் ஒட்டிக்கொண்ட ஒரு சிறு உண்மைதான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

மார்ச் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் பிகாரிகள் வெட்டிக் கொல்லப்படுவதாக வீடியோக்கள் குவிந்தன. உண்மை அறியும் தளங்கள் அவற்றைத் தோண்டிப் பார்த்தன. ஒன்று, பிப்ரவரி 13 அன்று கோயம்புத்தூர் நீதிமன்றம் அருகே ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட காட்சி. உள்ளூர் கும்பல்களுக்கு இடையேயான பகை அது. இன்னொன்று தமிழ்நாடே இல்லை, ராஜஸ்தானின் ஜோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட்ட காட்சி. தமிழ்நாடு டி.ஜி.பி. சைலேந்திர பாபு மார்ச் 2 அன்று வெளியிட்ட விளக்கத்தில் இரண்டு வீடியோக்களைக் குறிப்பிட்டார். ஒன்று திருப்பூரில் பிகார் தொழிலாளர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது.

இதற்குள் விஷயம் பாட்னாவில் சட்டமன்றம் வரை போய்விட்டது. காரணம் அரசியல். மார்ச் 1 அன்று சென்னையில் மு.க. ஸ்டாலினின் 70-ஆம் பிறந்தநாள் கூட்டத்தில் பிகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் கலந்துகொண்டிருந்தார். ‘நம் ஆட்கள் அங்கே சாகிறார்கள், இவர் அங்கே விழாவில் நிற்கிறார்’ என்று எதிர்க்கட்சிக்குச் சொல்ல வாய்ப்பாகிவிட்டது. உத்தரப் பிரதேச பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ், இந்தி பேசியதற்காக 12 பிகாரிகள் தூக்கிலிடப்பட்டதாக ட்விட்டரில் பதிவிட்டார். அவர் ஒரு வழக்கறிஞரும்கூட. ‘தைனிக் பாஸ்கர்’ போன்ற பெரிய இந்தி நாளிதழிலும் தாக்குதல் செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் வந்தால் சந்தேகப்படுகிறவர்கூட அச்சில் வந்தால் நம்புவார். தூத்துக்குடியிலும் திருப்பூரிலும் வழக்குகள் பதிவாயின. உம்ராவை மன்னிப்புக் கேட்கும்படி ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கதையில் காலண்டருக்கும் ஒரு வேடம் உண்டு. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8 அன்று வந்தது. ஹோலிக்கு ஊர் போவது பிகார் தொழிலாளிக்கு நமக்குப் பொங்கல் போல. சென்னை சென்ட்ரலில் ஒவ்வொரு ஆண்டும் அந்த வாரம் கால் வைக்க இடமிருக்காது. அதே நெரிசலைப் படம் பிடித்து ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று தலைப்புப் போட்டால் போதும், படம் அசல், தலைப்பு மட்டும் பொய். புறப்பட்டவர்களில் திருவிழாவுக்குப் போனவர் யார், பயத்தில் போனவர் யார் என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ‘உடனே கிளம்பி வா’ என்று அம்மா போனில் அழுதால், டிக்கெட் இல்லாதவரும் ரயில் ஏறுவார்.

எல்லாவற்றுக்கும் உச்சமாக ஒரு நாடகம். தலையிலும் கையிலும் கட்டுப் போட்ட இருவர், தமிழ்நாட்டில் அடி வாங்கித் தப்பி வந்ததாகச் சொல்லும் வீடியோ மார்ச் 8 அன்று வெளியானது. அதை எடுத்தது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில், காயம் வெறும் ஒப்பனை என்று பிகார் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு கண்டுபிடித்தது. அதைப் பரப்பியதாக யூடியூபர் மணீஷ் காஷ்யப் மீது வழக்குப் பாய்ந்தது. மார்ச் 18 அன்று மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் சரணடைந்தார். தேதியைக் கவனிக்க வேண்டும். டி.ஜி.பி. மறுப்பு வெளியிட்டு ஆறு நாளாகியிருந்தது. பிகார் அரசின் குழுவே தமிழ்நாட்டுக்கு வந்து விசாரித்திருந்தது. அதன் பிறகும் இப்படியொரு வீடியோவுக்குச் சந்தை இருந்தது.

ஆனாலும் ஒரு வாரத்துக்குள் பதற்றம் தணிந்ததும் உண்மை. எது தணித்தது? தமிழ்நாட்டு போலீஸ் இந்தியிலும் விளக்கம் சொல்லத் தொடங்கியது ஒரு காரணம். முதல்வர் ஸ்டாலின் அன்றைய பிகார் முதல்வர் நிதீஷ் குமாரோடு போனில் பேசினார், மார்ச் 7 அன்று திருநெல்வேலி மாவட்டம் காவல்கிணறில் ஒரு கையுறை ஆலைக்குப் போய் வடமாநிலத் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். ஆனால் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது பிகாரிலிருந்து வந்த நால்வர் குழு என்றே தோன்றுகிறது. அதன் தலைவர் பிகார் ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன், உடன் வந்தவர்களில் ஒருவர் காவல்துறை ஐ.ஜி. கண்ணன். பெயரே சொல்லிவிடுகிறது, இரு பக்கத்து மொழியும் பேசக்கூடியவர்கள். திருப்பூர், கோவை, சென்னை என்று போய்த் தொழிலாளர்களிடம் பேசிவிட்டு அவர்கள் சொன்னது, தமிழ்நாட்டு அரசு சொன்ன அதே விஷயம்தான். ஆனால் பிகார்காரர்களுக்கு அது சொந்த அரசின் வாயிலிருந்து வந்த சொல். சுங்குவார்சத்திரத்து வீடியோ அழைப்பு வேலை செய்தது போலவேதான் இதுவும் வேலை செய்தது.

இதையெல்லாம் படித்துத் தமிழர்கள் ‘பாருங்கள், எப்படிப் பழி போட்டார்கள்’ என்று திருப்திப்பட்டுக்கொண்டால் பாதிக் கதைதான் படித்ததாக அர்த்தம். அதே 2023 ஜனவரியில் திருப்பூர் வேலம்பாளையம் பக்கத்தில் எடுத்த ஒரு வீடியோ தமிழ் வாட்ஸ்அப்பில் தீயாகப் பரவியது. வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிறார்கள், ‘தமிழனுக்கு இனி இங்கே இடமில்லை’ என்ற ரீதியில் தலைப்புகள். போலீஸ் விசாரணையில் அது டீக்கடை அருகே சிகரெட் புகையை ஊதியதில் தொடங்கிய கைகலப்பு என்றானது. ‘வடக்கன்’ என்று தொடங்கும் மீம்களை அனுப்பாத தமிழ்க் குழு இன்று எத்தனை இருக்கும்? முன்பதிவுப் பெட்டியில் கூட்டம் ஏறினால் அது ரயில்வேயின் போதாமை. தினக்கூலி குறைந்தால் அது காண்ட்ராக்டரின் கணக்கு. மீமில் இரண்டுமே ஒரு இனத்தின் குணமாகிவிடுகிறது.

2018-இல் இந்த வெறுப்பு உயிரையே குடித்தது. வட இந்தியாவிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல்கள் தமிழ்நாட்டுக்குள் வந்திருப்பதாக ஆடியோவும் படங்களும் சுற்றின. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது சென்னைப் பெண்மணி ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களோடு போயிருந்தவர் அவர். தமிழ்க் குடும்பம். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். வடக்கத்தியரைக் குறிவைத்துக் கிளப்பிய புரளி யாரைக் கொல்லும் என்பது புரளியைக் கிளப்பியவர் கையில் இல்லை. அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய ‘கடத்தல்’ வீடியோ ஒன்று உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். ‘உங்கள் குழந்தையைக் கவனியுங்கள்’ என்ற கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூருக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டபின், கொலையோடு சம்பந்தமே இல்லாத இலங்கைத் தமிழ் அகதிகள் ஆயிரக்கணக்கில் சந்தேக வளையத்துக்குள் வந்தார்கள். முகாம்களில் கெடுபிடி கூடியது. பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை சிக்கலானது. 1992-இல் திருப்பி அனுப்புவதும் தொடங்கியது. அன்று இணையம் இல்லை. ஒரு குழுவின் குற்றத்தை ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் ஏற்ற இணையம் தேவைப்படவும் இல்லை.

இணையம் கூட்டியது வேகத்தைத்தான். 2012 ஆகஸ்டில் எஸ்.எம்.எஸ். புரளிக்குப் பயந்து பெங்களூரிலிருந்தும் சென்னை, புனே நகரங்களிலிருந்தும் வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறியபோது, மத்திய அரசு நாளொன்றுக்கு ஐந்து எஸ்.எம்.எஸ். என்று கட்டுப்பாடு போட்டது. 2018 கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை அனுப்பப்பட்ட செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும், 2020 முதல் அது ஒருமுறைக்கு ஒரு உரையாடலுக்குத்தான் போகும். தடை கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும். அந்த இரட்டை அம்பைப் பார்த்ததும் சந்தேகப்படப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கண்ணைத் திறந்து பார்த்தால் போதும். வீடியோவை நிறுத்திக் கடைப் பலகை என்ன மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலத்தது, போலீஸ்காரர் தொப்பி எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே வேறு மாநிலத்துக் காட்சிகள் பல பிடிபட்டுவிடும். ஒரு காட்சியைப் படமாகச் சேமித்துக் கூகுள் லென்ஸில் போட்டால், அதே காட்சி முன்பு எப்போது, எங்கே வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘ஆல்ட் நியூஸ்’, ‘பூம்’, தமிழில் ‘யூடர்ன்’ போன்றவை செய்வதும் அடிப்படையில் இதுதான், பொறுமையோடு. 2023 மார்ச் வீடியோக்களை அம்பலப்படுத்தியதற்காக ஆல்ட் நியூஸ் இணை நிறுவனர் முகமது ஜுபைருக்கு 2024 குடியரசு தினத்தன்று தமிழ்நாடு அரசு கோட்டை அமீர் மத நல்லிணக்க விருது கொடுத்தது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அதை அதிகம் நம்ப வேண்டாம். வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் போலீஸ் தானாக வழக்குப் போட வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இரு தரப்புக்கிடையே பகை மூட்டுவதற்குப் பாரதிய நியாய சங்கிதாவில் 196-ஆம் பிரிவும், பீதி கிளப்பும் பொய்க்கு 353-ஆம் பிரிவும் இருக்கின்றன. காஷ்யப் மீது தமிழ்நாடு அரசு இதற்கும் மேலே போய்த் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையே போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவலை ரத்து செய்தது. டிசம்பரில் வெளியே வந்தவர், பிறகு அரசியலில் இறங்கி 2025 பிகார் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். மிகக் கடுமையான சட்டம் அவரை அடக்கவில்லை, தெரியாதவர்களுக்கும் அவரைத் தெரியவைத்தது.

அரசே ‘எது உண்மை’ என்று முத்திரை குத்துவதிலும் சிக்கல் உண்டு. 2023-இல் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தபோது எதிர்ப்பும் வழக்கும் வந்தன. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்க ஒரு பிரிவு அமைக்கும் விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஃபாக்ஸ்கான் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புகாரையும் அரசு முத்திரை ‘வதந்தி’ என்று தள்ளியிருக்கலாமே என்ற பயம் காரணமில்லாதது அல்ல.

பதில் வராத இடைவெளியில் பொய் புகுந்துவிடும் என்ற பாடம் வெளிநாட்டுக்கும் பொருந்தும். 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். குற்றவாளிக்கு 18 வயதாகாததால் பெயரை வெளியிடச் சட்டம் விடவில்லை. அந்த வெற்றிடத்தில், படகில் வந்த அகதி என்று ஒரு பொய்ப் பெயரை யாரோ இணையத்தில் ஏற்றினார்கள். உண்மையான குற்றவாளி பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவர். நீதிமன்றம் பெயரை வெளியிட அனுமதித்தது ஆகஸ்ட் 1 அன்று. அதற்குள் கலவரம் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 4 அன்று ராதர்ஹாமில் அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்குத் தீ வைக்க முயன்றார்கள்.

மறுபடி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. விடுதிகளைப் பற்றி 2021-இல் எழுந்த கேள்விக்கு அது ஒரு பதில். லைன் வீட்டு ஒடியாக்காரருக்கும் பிகார்க்காரருக்கும் அப்படியொன்று இல்லை. ஆனால் அவர்களுடைய பெயரும் எண்ணும் காவல் நிலையத்தில் உண்டு. வீட்டு உரிமையாளரிடமும் காண்ட்ராக்டரிடமும் வடமாநிலத்தவர் விவரங்களைப் போலீஸ் கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது, தொழிலாளர் துறையும் இணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. குற்றம் நடந்தால் தேடுவதற்காகச் சேர்த்த அந்த எண்களுக்கு, அடுத்த புரளி கிளம்பும் அன்று மாலையே ஒடியாவிலும் போஜ்புரியிலும் வங்காளியிலும் ஒரு நிமிடக் குரல் செய்தி அனுப்பலாம். பேசுகிறவர் அதிகாரியாக இல்லாமல் ஒரகடத்தில் பத்தாண்டு வேலை செய்த, ஒடிசாவின் பாலேஸ்வரோ பிகாரின் ஜமுயியோ சொந்த ஊராகக் கொண்ட ஒரு மேஸ்திரியாக இருந்தால், கேட்கிறவர் அதையே அப்படியே ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவிடுவார்.